படத்தில் இருக்கும் ராஜாவை யார் பார்த்தார்கள்?

புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படம் தேடிக் கொடுப்பது என் வேலை. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி படம் வேண்டும் என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்குக் கொஞ்சம் உதறும். ஒரு தடவை சூடு பட்டிருக்கிறேன்.

1520-இல் பிரெஞ்சு மன்னரைச் சந்திக்க ஹென்றி டோவரிலிருந்து கிளம்பிய காட்சியைக் காட்டும் ஓவியம் அது. தங்கநிறப் பாய் விரித்த பிரம்மாண்டமான கப்பல், அதன் தட்டில் ராஜா. "டோவர், 1520" என்று கேப்ஷன் எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சான பிறகு ஒரு வாசகர் கேட்டார்: அவ்வளவு பெரிய கப்பல் டோவர் துறைமுகத்துக்குள் எப்படி வந்தது? அப்போதுதான் உறைத்தது: நான் போட்டது சம்பவம் நடந்த வருடம், படம் வரைந்த வருடம் அல்ல. ஓவியத்துக்கு நிபுணர்கள் சொல்லும் காலமோ 1540 வரை நீள்கிறது.

முகத்துக்கும் இதே கதைதான். கால்களை அகட்டி நின்று நம்மை முறைக்கும் ஹென்றி, ஹோல்பைன் என்ற ஓவியர் 1537-இல் லண்டனில் வைட்ஹால் அரண்மனைச் சுவரில் வரைந்தது. 1698-இல் அந்தச் சுவர் தீயில் போனது. இன்று நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை பிரதிகள், பிரதிகளின் பிரதிகள். அருங்காட்சியகக் குறிப்பில் "ஹோல்பைனைப் பின்பற்றி" என்று இருந்தால், வரைந்தவர் ராஜாவை நேரில் பார்த்திருக்கத் தேவையில்லை என்று அர்த்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ் மூழ்கும் படம். 1545 ஜூலை 19, போர்ட்ஸ்மத் கடல். தண்ணீருக்கு மேலே இரண்டு பாய்மர நுனிகள் மட்டும் தெரிகின்றன. ஒன்றின் உச்சியில் ஒருவன் கையைத் தூக்கி நிற்கிறான். கரையில் ஹென்றி குதிரை மேல் போகிறார். அவருக்குப் பின்னால் வெள்ளைக் குதிரையில் வருகிறவர் அவருடைய அரசவைப் பிரமுகர் ஆண்டனி பிரவுன். ஓவியத்தை வரையச் சொன்னவரும் அவரே! காசு கொடுத்தவர் ராஜாவின் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டார்.

அந்த ஓவியம் பிரவுனின் கவுட்ரே மாளிகையில் இருந்தது. 1793-இல் மாளிகையோடு எரிந்துபோனது. நல்லவேளையாக 1778-லேயே அதைப் பார்த்துத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு வைத்திருந்தார்கள். நம் கையில் இருப்பது சம்பவம் நடந்து 233 ஆண்டுகள் கழித்து வந்த அந்த அச்சுப்படம்தான். 1982-இல் கடலுக்குள்ளிருந்து தூக்கிய கப்பலின் மரம் நிஜம். படத்தில் இருக்கும் ராஜா இரண்டு கை மாறி வந்தவர்.

அதனால் இப்போதெல்லாம் படத்தோடு இரண்டு வருடங்களையும் கேட்டு வாங்குகிறேன்: சம்பவம் எப்போது, படம் எப்போது. அப்புறம் கேப்ஷன்: "1545 சம்பவம். 1778 அச்சுப்படம். மூல ஓவியம் எரிந்துவிட்டது." மூன்று வரிக்கு இடம் ஏது என்று லேஅவுட் போடுகிறவர் சலித்துக்கொள்வார். படத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள் என்பேன்.