இழுப்பது திறன், ஓடியது ஆற்றல்: நுண்செயலியின் மின்கணக்குக்கான சொற்கள்

"இந்த ப்ராசசர் எவ்வளவு கரண்ட் இழுக்குது?" என்று கேட்கிறோம். "இந்தத் தடவை எத்தனை யூனிட் ஓடியிருக்கு?" என்றும் கேட்கிறோம். முதல் கேள்வி இந்த நொடியின் வேகத்தைப் பற்றியது. இரண்டாவது, இதுவரை சேர்ந்த தொகையைப் பற்றியது. இழுப்பது வேறு, ஓடியது வேறு என்று பேச்சுத் தமிழ் பிரித்தே வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து வந்த 'பவர் கன்சம்ப்ஷன்' என்ற தொடர் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. நுண்செயலி, அதாவது ப்ராசசர், எடுக்கும் மின்சாரத்தை மென்பொருள் கொண்டு பார்க்க முனைபவர்கள் முதலில் குழம்புவது இந்த மூட்டையில்தான்.

'பவர்' இலத்தீன் மொழியில் 'இயலுதல்' என்று பொருள்படும் 'போஸ்ஸே'யிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். இயற்பியலில் அதற்கு ஒரே பொருள்: ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் கைமாறுகிறது என்ற வீதம். நொடிக்கு 1 ஜூல் என்றால் 1 வாட். நீராவி எந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் பெயரை இந்த அலகுக்கு 1882-இல் முன்மொழிந்தவர் வில்லியம் சீமென்ஸ். 'எனர்ஜி'யின் வேர் கிரேக்கத்தின் 'எர்கோன்', அதாவது வேலை. இன்றைய அறிவியல் பொருளை ஒட்டி அச்சொல்லை 1807-இல் ஆண்டவர் தாமஸ் யங்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பவர் 'திறன்', எனர்ஜி 'ஆற்றல்'. திறம் என்பதன் ஈற்று மகரம் னகரமாகி நின்றதே திறன். அறம் அறன் ஆவதைப் போல. ஆற்றலின் கதை இன்னும் வளமானது. ஆற்று என்றால் செய். பணி ஆற்றுகிறோம், உரை ஆற்றுகிறோம். கிரேக்க வேரும் தமிழ் வேரும் 'வேலை செய்தல்' என்ற ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. எனர்ஜிக்கு ஆற்றலைத் தேர்ந்தெடுத்தவர்களின் கை மிகச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆற்றுதலுக்குப் பொறுத்துக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. குறளில் வரும் 'பசியாற்றல்' அதுதான். சூடான பாலை ஆற்றுவதும் இதே ஓசையில்தான் வருகிறது.

இலங்கைத் தமிழில் வழக்கு வேறு. அங்கே பவர் 'வலு', எனர்ஜி 'சக்தி'. மின்வலு, எரிசக்தி என்று அங்கே அமைச்சின் பெயரிலேயே இரண்டும் தனித்தனியாக நின்றதுண்டு. இங்கோ குதிரைத்திறன் என்று பாடநூல் சொல்ல, மோட்டார் பம்பு விற்கும் கடையில் 'குதிரை சக்தி' என்பார்கள். எந்தச் சொல்லை எடுத்தாலும் கேடில்லை, ஒன்றின் இடத்தில் மற்றது வராதவரை.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது நுண்செயலியின் உள்ளே எட்டிப்பார்த்தால் விளங்கும். 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்து இன்டெல் தன் நுண்செயலிகளில் மின்செலவைக் கணக்கு வைக்கும் 'ராப்பல்' (RAPL) என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஏஎம்டியின் ஸென் வகைகளிலும் இதைப் போன்ற பதிவகங்கள், அதாவது எண்களைத் தாங்கும் சிறு நினைவிடங்கள், உண்டு. அந்தப் பதிவகத்தில் வாட் கணக்கு எதுவும் இல்லை. இருப்பது ஓர் ஆற்றல் எண்ணி, வீட்டு மீட்டரைப் போல ஏறிக்கொண்டே போகும் எண். ஏறத்தாழ 1 மில்லிநொடிக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும். லினக்ஸ் இயங்குதளத்தில் அது மைக்ரோஜூல் கணக்கில் ஒரு கோப்பாகவே தெரியும்.

வாட் வேண்டுமென்றால் நாம்தான் கணக்குப் போடவேண்டும். இப்போது ஒருமுறை படியுங்கள், 10 நொடி கழித்து மறுபடி படியுங்கள். வித்தியாசம் 180 ஜூல் என்றால், 10-ஆல் வகுக்க 18 வாட். வாட் காட்டும் மென்பொருள்கள் எல்லாமே இந்தக் கழித்தலையும் வகுத்தலையும்தான் செய்கின்றன. 'டர்போஸ்டாட்' வகுத்து முடித்து வாட்டாகக் காட்டும். 'பெர்ஃப்' வகுக்காமல் ஜூலாகவே தரும். ஒரே எண்ணியைப் படிக்கும் இரண்டு கருவிகளில் ஒன்று திறனைச் சொல்கிறது, மற்றது ஆற்றலைச் சொல்கிறது. இரண்டையும் 'பவர்' என்று எழுதிவைத்துவிட்டு, எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணி 32 பிட் அகலம் கொண்டது. பல நுண்செயலிகளில் ஒரு படி என்பது 1 ஜூலில் 16,384-இல் ஒரு பங்கு. அப்படியானால் 2,62,144 ஜூல் சேர்ந்ததும் எண் சுழன்று சுழியத்துக்கு வந்துவிடும். விடாமல் 65 வாட் இழுக்கும் கணினியில் அது 67 நிமிடத்தில் நடக்கும். இரண்டு மணி நேர இடைவெளியில் படித்துக் கழித்தால் விடை தப்பு. இத்தனைக்கும் அந்த முழுச் சுற்றின் ஆற்றல், நம் மின்கட்டணச் சீட்டின் 1 யூனிட்டில் பதின்மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. 1 யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்.

அடுத்த இணை, அளவீடும் மதிப்பீடும். சாண்டி பிரிட்ஜ் காலத்து ராப்பல் உண்மையில் எதையும் அளக்கவில்லை. உள்ளே என்னென்ன வேலைகள் எத்தனை முறை நடந்தன என்று எண்ணி, ஒரு கணித மாதிரியின்படி ஆற்றலை ஊகித்தது. அது மதிப்பீடு. மின்னழுத்தச் சீராக்கி நுண்செயலிக்குள்ளேயே வந்த ஹாஸ்வெல் தலைமுறையில்தான் அது அளவீடு ஆயிற்று. 2007-இல் வந்த 'பவர்டாப்' என்ற மென்பொருள் ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே போட்டுக் காட்டும் வாட், இன்றும் மதிப்பீடே. அதை அளவீடு என்று மொழிபெயர்ப்பது பிழை.

அளவீடாகவே இருந்தாலும் அதன் எல்லை நுண்செயலிப் பொதிதான். சில வகைகளில் நினைவகமும் சேரும். விசிறி, திரை, வட்டு, மின்வழங்கியில் வெப்பமாகிப் போவது எதுவும் அதில் வராது. சுவரில் செருகும் வாட் மீட்டர் எப்போதும் கூடுதலாகக் காட்டுவது இதனால்தான்.

ராப்பல் என்ற பெயரின் விரிவைத் தமிழில் 'நகரும் சராசரித் திறன் வரம்பு' எனலாம். நகரும் சராசரி என்பது புள்ளியியல் பாடத்தில் ஏற்கெனவே இருக்கும் சொல். முக்கியச் சொல் கடைசியில் நிற்கும் 'வரம்பு'. குறிப்பிட்ட கால அளவில் சராசரி இவ்வளவு வாட்டைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்படுத்தவே இது பிறந்தது. எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல் வரம்பு கட்ட முடியாதே, அதனால் எண்ணி வந்தது. அந்த எண்ணிக்கும் பின்னர் வரம்பு வந்தது. ஆற்றல் எண்ணியின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களைக் கவனித்தே மறைகுறியாக்கச் சாவிகளைப் பிடிக்கலாம் என்று ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் சேர்ந்தவர்களும் 2020 நவம்பரில் காட்டினார்கள். அதன்பின் லினக்ஸில் அந்தக் கோப்பைப் படிக்க நிர்வாகி உரிமை தேவையாயிற்று.

'டிடிபி'யை மின்நுகர்வு என்று எழுதுவது பரவலான தவறு. அது 'வெப்ப வடிவமைப்புத் திறன்', குளிர்விப்பான் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றவேண்டும் என்பதற்கான எண். ஏஎம்டியின் ஏஎம்4 வரிசையில் 105 வாட் டிடிபி கொண்ட நுண்செயலி 142 வாட் வரை இழுக்கலாம். இன்டெல்லின் ஐ9-12900கே நுண்செயலியின் விவரப் பட்டியலில் 125 வாட் அடிப்படைத் திறன், 241 வாட் உச்சத் திறன் என்று இரண்டு எண்கள் இருக்கும்.

ஆகவே வாட் வருமிடத்தில் 'மின்திறன்', ஜூலோ யூனிட்டோ வருமிடத்தில் 'மின்னாற்றல் நுகர்வு' என்று எழுதுவேன். நுகர்தல் என்றால் உண்டு அனுபவித்தல். உண்டது தொகையாகச் சேரும், எனவே அது ஆற்றலுக்குப் பொருந்தும். வீதத்தை எப்படி உண்பது? 'மின்திறன் நுகர்வு' என்ற தொடரை அதனால்தான் தவிர்க்கிறேன். ப்ராசசருக்கு வெறும் 'செயலி' போதாது. கைப்பேசியில் நிறுவும் ஆப்பையும் செயலி என்றே அழைக்கிறோம். "செயலி எவ்வளவு இழுக்கிறது" என்றால் சில்லா, வாட்ஸப்பா என்று தெரியாது. முன்னே ஒரு 'நுண்' சேர்த்தால் சில்லு என்பது தெளிவாகிவிடும்.