யூதனேசியாவுக்கு கருணைக்கொலையா? இன்னாங்க இது

பட்டா கிடைக்கல, கடன்காரன் தொல்லை, எதுவா இருந்தாலும் "குடும்பத்தோட எங்கள கருணைக்கொலை பண்ணிடுங்க"ன்னு கலெக்டர்கிட்ட மனு குடுத்தாங்கன்னு நியூஸ் வருது பாருங்க, ராயபுரம் டீக்கடை பேப்பர்ல அத படிச்சு படிச்சே இந்த வார்த்தை மேல வெறுப்பு வந்துடுச்சு. மனு குடுக்குறவங்கள சொல்லல, அது அவங்க வயித்தெரிச்சல். யூதனேசியான்ற இங்கிலீஷ் வார்த்தைய இப்படி மொழிபெயர்த்த புண்ணியவானத்தான் சொல்றேன்.

யூதனேசியா கிரேக்கத்துலேர்ந்து வந்த சொல். 'யூ'ன்னா நல்ல, 'தனடோஸ்'னா சாவு. அவ்ளோதான். கருணையும் கொலையும் 'மெர்சி கில்லிங்'ன்ற வேற பேர்லேர்ந்து வந்தது, நம்மாளு ரெண்டுக்கும் ஒரே சொல்ல மாட்டி விட்டுட்டான்.

அதனால இன்னா ஆச்சுன்னா, கருணைப்படுறவன் இருக்கான், கொல்றவன் இருக்கான், படுக்கையில கெடக்குறவர் மட்டும் அந்த சொல்லுக்குள்ளயே இல்ல. அவரு கேட்டாரா, வேணாம்னாரா? தென்மாவட்டத்துல தலைக்கூத்தல்னு முடியாத கெழவன் கெழவிங்கள வீட்டாளுங்களே எண்ணெய் தேச்சு குளிப்பாட்டி அனுப்பி வைக்கிறாங்களே, அதையும் கருணைக்கொலைன்றாங்க, அந்தக் கெழவிய யாருங்க கேட்டா? நெதர்லாந்துல 2002லேர்ந்து, நோயாளி தானே கேட்டு, இதுக்கு மேல தாங்க முடியாதுன்னு டாக்டர் பாத்து, வேற ஒரு டாக்டரும் தனியா பாத்து சொன்னப்புறம் நடக்குதே, அதுக்கும் இதே பேரு. ஒருத்தரு தன் சாவ தானே முடிவு பண்ணலாமா கூடாதான்றது பெரிய விவாதம், ஆனா பேருலயே கொலைன்னு எழுதி வச்சுட்டா பேச்சு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தீர்ப்பு வந்துடுது.

'செயலற்ற கருணைக்கொலை'ன்னு ஒண்ணு இருக்கு, அதாவது உயிர இழுத்துப் புடிக்கிற சிகிச்சைய நிறுத்தறது, அதான் உச்சம். மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973லேர்ந்து 2015 வரைக்கும் நினைவில்லாம கெடந்தாங்க, அந்த வழக்குல 2011ல உச்ச நீதிமன்றம் மனுவ தள்ளுபடி பண்ணுச்சு, ஆனா உயிர இழுத்துப் புடிக்கிற சிகிச்சைய சில நிபந்தனையோட நிறுத்தலாம்னும் சொல்லுச்சு. 2018ல அஞ்சு நீதிபதிங்க பெஞ்ச், கண்ணியமா சாகுறதும் அரசியல் சட்டத்தோட 21வது பிரிவு தர்ற உரிமைதான்னுச்சு. ஊசி போட்டு சாகடிக்க இன்னிக்கும் அனுமதி இல்ல. சிகிச்சைய நிறுத்தறதுதான் விஷயம், அதுல கொலை எங்க வந்துச்சு? எங்க தெருக்காரர் ஒருத்தரு ஐசியூல கெடந்தப்போ, இனிமே பிரயோஜனம் இல்ல, வென்டிலேட்டர எடுக்குறத பத்தி வீட்ல பேசிட்டு வாங்கன்னாரு டாக்டர். மச்சான்காரரு வராண்டாவுலயே கத்துறாரு, "அது கருணைக்கொலை சார், போலீஸ் கேஸ் ஆயிடும்!" படுக்கையில கெடந்தவரோட சம்சாரம் அன்னிக்கு பூரா யார்கிட்டயும் வாயே தொறக்கல.

தனித்தமிழ் அன்பருங்க 'அருட்கொலை'ன்றாங்க. வடமொழின்னு கருணைய தூக்குனீங்க, சரி, கொலைய ஏன் பத்திரமா வச்சிக்கினீங்க? இன்னும் சிலர், வடக்க பாத்து உக்காந்து பட்டினி கெடந்து உயிர விடுற வடக்கிருத்தல்னு சொல்லலாமேன்றாங்க. சங்ககாலத்து ராஜா கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது மகனுங்க கூட வந்த பகையால, நோயால இல்ல, அத இழுத்தா வேற குழப்பம்.

என் ஓட்டு 'நற்சாவு'க்கு. "நல்ல சாவுபா, இழுக்காம போயிட்டாரு"ன்னு வண்ணாரப்பேட்டையில எந்த ஆயாவும் சொல்லும். (பேரன் பேத்தி எடுத்து மோளம் அடிச்சு போனா அது கல்யாண சாவு, அது தனி கணக்கு.) சாவுன்னு எழுத கூசுதுன்னா நல்லிறப்புன்னு வச்சிக்கோங்க. வென்டிலேட்டர் விஷயத்துக்கு வெறும் 'சிகிச்சை நிறுத்தம்' போதும்.

அப்புறம் 'லிவிங் வில்', அதாவது நாளைக்கு நினைவு தப்பிட்டா இன்னா சிகிச்சை வேணும் வேணாம்னு முன்னாடியே எழுதி வைக்கிற பத்திரம், அத 'வாழும் உயில்'னு போடுறவங்களுக்கு: உயிலே 'வில்'லுலேர்ந்து வந்ததுதான், உயிரோட அதுக்கு சம்பந்தம் இல்ல. 2023ல நடைமுறைய எளிதாக்கிட்டாங்க, மாஜிஸ்திரேட் வேணாம், ரெண்டு சாட்சி வச்சு நோட்டரி முன்னாடி கையெழுத்து போட்டா போதும். ஆனா நோட்டரிகிட்ட போயி உயில்னு சொன்னீங்க, அவரு வீட்டுப் பத்திரத்த எடுன்னுவாரு. 'சிகிச்சை விருப்பப் பத்திரம்'னு கேளுங்க.