துருவின் ஐந்தெழுத்து

“கோதுமைத் துரு நோய் பற்றிய செய்திகளில் ‘டிடிகேஎஸ்கே’ என்று வருகிறதே, யாராவது தூக்கக் கலக்கத்தில் தட்டச்சு செய்ததா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை, அது ஒரு பூஞ்சையின் ஜாதகம். நான் நம்பும் ஒரே ஜாதகமும் அதுதான்.

துரு நோய் பக்ஸீனியா என்ற பூஞ்சை வகையின் வேலை. தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துரு என்று மூன்று உண்டு. நாம் பேசப்போவது தண்டுத் துருவைப் பற்றி. செங்கல் நிறக் கொப்புளங்கள் வெடித்து, ஸ்போர்கள் (பூஞ்சையின் விதை போன்ற துகள்கள்) காற்றோடு நாடு விட்டு நாடு போய்விடும். பழைய ரோமில் இதைத் தடுக்க ஆண்டுதோறும் ஏப்ரல் 25 அன்று ரோபிகஸ் என்ற தெய்வத்துக்கு நாயைப் பலி கொடுத்தார்கள். துரு போகவில்லை, நாய்தான் போனது.

இந்தப் பூஞ்சைக்கு உயிருள்ள செல்லில்தான் சாப்பாடு. செல்லுக்குள் ஓர் உறிஞ்சு உறுப்பை நுழைத்து, அதன் காவலை முடக்கச் சில புரதங்களையும் அனுப்பும். அவற்றில் ஒன்றை அடையாளம் காணும் மரபணு கோதுமையிடம் இருந்துவிட்டால், அந்தச் செல் தன்னையே கொன்றுகொள்ளும். செத்த செல்லில் பூஞ்சை பட்டினி. இலையில் ஒரு சின்னப் புள்ளியோடு கதை முடிந்துவிடும். ஆனால் பூஞ்சை அந்தப் புரதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் காவலாளிக்கு ஆள் தெரியாது. செடியின் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் பூஞ்சையில் ஒரு ஜோடி உண்டு என்று 1940களில் ஆளிச் செடியின் துருவை வைத்துக் காட்டியவர் அமெரிக்கரான ஃப்ளோர்.

சரி, இதையே திருப்பிப் போட்டால்? செடியே சோதனைக் கருவி ஆகிவிடும். எந்த எதிர்ப்பு மரபணு என்று தெரிந்த 20 கோதுமை ரகங்களின் நாற்றுகள் மீது, வயலில் எடுத்த ஸ்போர்களைத் தூவுகிறார்கள். ஓர் இரவு ஈரத்தில் வைத்து, இரண்டு வாரம் கழித்துப் பார்க்கிறார்கள். வெறும் புள்ளி என்றால் மரபணு தாங்கியது. பெரிய கொப்புளம் என்றால் விழுந்தது. இருபதாவது ரகம் பெரும்பாலும் எளிதில் விழுந்துவிடும். அது விழாவிட்டால் முதலில் சோதனையைத்தான் சந்தேகிக்கவேண்டும்!

இருபதையும் நான்கு நான்காகப் பிரித்தால் ஐந்து குழு. ஒரு குழுவில் தாங்கியது, விழுந்தது என்று 16 விதமாக முடிவு வரலாம். ஆகவே 16 ஆங்கில மெய்யெழுத்துகள். நான்கும் விழுந்தால் ‘டி’ (ஆங்கில T). முதலாவது மட்டும் தாங்கினால் ‘கே’. கடைசி மட்டும் தாங்கினால் ‘எஸ்’. முதல் இரண்டும் தாங்கினால் ‘எஃப்’.

இப்போது வாசகரின் எழுத்துகளைப் படியுங்கள். டி, டி: எட்டும் காலி. கே, எஸ், கே: குழுவுக்கு ஒன்று மிச்சம். இருபதில் பதினேழு விழுந்தன. 1998இல் உகாண்டாவில் கண்டுபிடிக்கப்பட்ட யூஜி99 இதுதான். கடைசி ‘கே’யில்தான் பயங்கரமே இருக்கிறது. ரை தானியத்திலிருந்து கோதுமைக்கு வந்து, பல நாடுகளில் பல்லாண்டு காவல் காத்த எஸ்ஆர்31 மரபணு (‘எஸ்ஆர்’ என்பது தண்டுத் துருவின் ஆங்கிலச் சுருக்கம்) அந்தக் குழுவில் விழுந்துவிட்டது. 2006இல் கென்யாவில் அதே ‘கே’ ‘டி’யானது; எஸ்ஆர்24உம் போனது. மறு ஆண்டே நடு ‘கே’ மட்டும் ‘டி’யான இன்னொரு துரு வந்தது.

அப்புறம் எத்தியோப்பியா. எஸ்ஆர்டிஎம்பி என்ற மரபணுவை வைத்திருந்த டிகலு கோதுமை யூஜி99ஐத் தாங்கியதால் விவசாயிகள் அதைப் பரவலாக விதைத்தார்கள். 2013 இறுதியில் டிகேடிடிஎஃப் என்ற வேறொரு தண்டுத் துரு வந்து அதை அழித்தது. நான்காவது எழுத்தைப் பாருங்கள்: ‘எஸ்’ இருந்த இடத்தில் ‘டி’. கடைசி எழுத்து ‘எஃப்’ என்பதால், அந்தக் குழுவில் இரண்டாவதாக நிற்கும், யூஜி99இடம் தோற்ற எஸ்ஆர்31 இதைத் தடுத்துவிடும். ஒரு திருடனுக்குப் போட்ட பூட்டு இன்னொருவனிடம் செல்லாது.

இந்தப் படிப்புக்கு வேண்டியது கண்ணாடிக் குடில், நாற்று, பொறுமையான கண்கள். ஆண்டுதோறும் விடாமல் செய்யவேண்டிய வேலை. ஆனால் பணம் விளைச்சல் போன பிறகுதான் வருகிறது. நோய் வராத ஆண்டில் கண்காணிப்புக்குக் காசு கேட்டால் வீண் செலவு என்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு.

ஐந்தெழுத்தில் அடங்காததும் உண்டு. எஸ்ஆர்2 என்ற மரபணு நாற்றுப் பருவத்தில் வாய் திறக்காது. செடி வளர்ந்தபின் துருவை நிறுத்தாமல், மெதுவாக்க மட்டும் செய்யும். எம்மர் என்ற பழங்காலக் கோதுமையிலிருந்து கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரொட்டிக் கோதுமைக்குள் வந்தது. இன்றும் வேலை செய்கிறது. இருபது நாற்றுச் சோதனையில் அதற்கு இடமே இல்லை.