உப்பைக் கழுவாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து எங்கள் பட்டறைக்கு வரும் பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றைத் துருவைவிட, துருவின் மேல் அவசரமாக அடித்த பெயிண்ட்தான் அதிகம் கெடுத்திருக்கிறது. சில மாதம் பளபளப்பாக இருக்கும். பிறகு பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அடியில் கொப்புளங்கள் எழும்பும். நகத்தால் கீறினால் உள்ளே ஈரமான செந்தூள்.

கடற்காற்றில் வந்து படிந்த உப்பை உள்ளே வைத்து மூடியதன் விளைவு அது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பான சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூட வேண்டாம். மழையே பெய்யாவிட்டாலும் இரவெல்லாம் இரும்பு நனைந்துதான் நிற்கிறது.

ஆகவே முதல் வேலை உப்புத்தாள் போடுவதல்ல, கழுவுவது. இங்கே பல வீடுகளில் போர் தண்ணீரே உவர்ப்பு. கழுவிக் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். குடிநீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சேற்றைப் போர் தண்ணீரில் போக்கிவிட்டு, கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீரோ, பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ ஒரு வாளி ஊற்றுங்கள். மட்கார்டின் உள்பக்கம், சைடு ஸ்டாண்டு மூட்டு, ஸ்போக்ஸ் ரிம்மில் சேரும் இடம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள்.

காய்ந்த பிறகு கம்பி பிரஷும் உப்புத்தாளும் கொண்டு துருவைச் சுரண்டுங்கள்; கண்ணாடி அணியாமல் தொடவே தொடாதீர்கள். குரோம் பூசிய பாகத்துக்குக் கம்பி பிரஷ் ஆகாது; அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேல்துரு போய்விடும். சுரண்டியதும் இன்னொரு முறை கழுவ வேண்டும். இதைத்தான் பலரும் செய்வதில்லை. துரு அரித்த சிறு குழிகளின் அடியில்தான் உப்பு ஒளிந்திருக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டால்கூட வெறும் இரும்பு மறுபடி சிவந்துவிடும். குழியில் மிஞ்சும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி உண்டு. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை மட்டும் கொண்டுவராதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைத் தின்றுவிட்டு, எந்தக் குளோரைடைப் போக்கப் பாடுபட்டோமோ அதையே விட்டுச் செல்லும். செயினும் ஸ்போக்ஸும் அதில் நொறுங்குதன்மை பெற்று, ஓட்டும்போதே அறுந்துவிடக்கூடும்.

கழுவியபின் டீசல் அடிப்பதும் வேண்டாம். மண்ணை ஒட்டவைக்கும், ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், பிரேக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. செயினுக்கு 90 கியர் ஆயில், போல்ட் மரைகளுக்குக் கிரீஸ், பெயிண்ட் மேல் மெழுகு பாலிஷ் போதும்.

மீன்பெட்டி கட்டும் அண்ணன்மாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் ஷாக் அப்சர்பர் பிடிமானத்தில்தான் இறங்குகிறது. பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, குழாய் போட்டு நீரைச் சக்கரத்துக்கு வெளியே இறக்கிவிடுங்கள். பிடிமானத்தையும் சேஸிஸ் குழாயையும் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. வெட்டி எடுத்து வெல்டிங் வைக்கவோ, பாகத்தையே மாற்றவோ வேண்டும்; அதுவரை அந்த வண்டியில் பாரம் ஏற்றாதீர்கள்.