நிறமில்லா நஞ்சுக்கு நிறம்: மீன் தொட்டிக்கு எந்தச் சோதனைக் கிட்டை நம்பலாம்?

தண்ணீர் பளிங்குபோல இருக்கும். மீன்கள் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். புதுத் தொட்டி வைத்த முதல் மாதத்தில் இது அடிக்கடி நடப்பது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை முதல் இரண்டு நஞ்சும் தண்ணீரிலேயே நிற்கும். மூன்றுக்குமே நிறம் கிடையாது. வேதிவினை நடத்தி அவற்றுக்கு ஒரு நிறத்தைக் கொடுப்பதுதான் கிட்டின் வேலை. அதனால் வாங்கும்போது கம்பெனிப் பெயரைவிட, புட்டிக்குள் எந்த வேதிவினை இருக்கிறது என்பதைப் பார்ப்பது முக்கியம்.

அம்மோனியாவுக்கு இரண்டு முறைகள் உண்டு. பாதரசம் கலந்த நெஸ்லர் கரைசல் மஞ்சளிலிருந்து பழுப்பாக மாறும். குளோரின் நீக்கி மருந்து ஊற்றிய தண்ணீரில் இது தவறான அளவு காட்டக்கூடும். கழிவைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. சாலிசிலேட் முறையில் மஞ்சள் பச்சையாகும். வீட்டுத் தொட்டிக்கு இதுவே சரி. ஆனால் இதுவும் மொத்த அம்மோனியாவைத்தான் சொல்லும். அதில் மீனைக் கொல்லும் பங்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண். 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் அந்தப் பங்கு சுமார் 0.6 சதவீதம், பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். கிட் ஒரே 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) காட்டினாலும், காரத்தன்மை கூடிய போர் தண்ணீரில் ஆபத்து ஏறக்குறைய ஒன்பது மடங்கு. பிஎச் புட்டி இல்லாமல் அம்மோனியா கிட்டை மட்டும் வாங்கினால் பாதிக் கதைதான் தெரியும்.

நைட்ரைட் சோதனை எளிது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பயன்படும் கிரீஸ் வினை அது. நைட்ரைட் இருந்தால் இளஞ்சிவப்பு வரும். மலிவான கிட்டும் இதில் பெரும்பாலும் ஏமாற்றாது.

ஏமாற்றுவது நைட்ரேட். அதற்கென்று நேரடியான நிறவினை இந்தக் கிட்டுகளில் இல்லை. இரண்டாவது புட்டியில் உள்ள துத்தநாகத் தூள் நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றும், பிறகு அதே கிரீஸ் வினை நடக்கும். அந்தத் தூள் புட்டியின் அடியில் இறுகிக் கிடந்தால், வெறும் திரவம்தான் குழாயில் விழும். தொட்டியில் 80 பிபிஎம் இருந்தாலும் கிட் 5 என்று சொல்லும். ஏபிஐ என்ற கம்பெனியின் கிட்டில் 5 மிலி தண்ணீருக்கு முதல் புட்டியில் 10 சொட்டு, இரண்டாவதை 30 விநாடி வேகமாகக் குலுக்கி 10 சொட்டு, பிறகு குழாயை ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பல நாள் தொடாத புட்டி என்றால் மேசையில் தட்டி, தூளை இளக்கிவிட்டுக் குலுக்குங்கள். இன்னொன்று, தொட்டியில் நைட்ரைட் இருந்தால் அதையும் சேர்த்து நைட்ரேட்டாகவே இந்தச் சோதனை எண்ணிவிடும்.

அலகையும் கவனியுங்கள். சில கிட்டுகள் நைட்ரேட்டை அதிலுள்ள நைட்ரஜன் கணக்கில் தருகின்றன. அந்த 10, சாதாரணக் கணக்கில் 44. இரண்டு கிட்டுகள் முரண்படுவதாகத் தோன்றினால் முதலில் 4.43ஆல் பெருக்கிப் பாருங்கள். 40க்கும் 80க்கும் சிவப்பில் வித்தியாசம் தெரியாதபோது, ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) கலந்து சோதித்து, விடையை நான்கால் பெருக்கலாம்.

தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கலாமா? அவசரத்துக்கு ஒரு பார்வை பார்க்க உதவும், அவ்வளவுதான். பெரும்பாலானவற்றில் அம்மோனியாக் கட்டமே இருக்காது. டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று புகுந்து மருந்தைக் கெடுக்கும்; கடற்கரை ஊர்களில் சீக்கிரமே கெடும். ஈர விரலால் எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

சொட்டுக் கிட்டிலும் பிழை வரும். புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும். நேர் செங்குத்தாகப் பிடியுங்கள். குழாயை முதலில் தொட்டித் தண்ணீரால் அலசுங்கள். மூடிகளை மாற்றிப் போடாதீர்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் முன் பாருங்கள். தொட்டியின் நீல விளக்கில் பச்சையும் மஞ்சளும் குழம்பும்.

கிட் சரியா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். டிஸ்டில்டு வாட்டரில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றும் பூஜ்யம் காட்ட வேண்டும். வீட்டு ஆர்ஓ தண்ணீரை இதற்கு நம்பாதீர்கள், நைட்ரேட் அதில் ஓரளவு தாண்டி வரும். அடுத்து, 1.63 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டை ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் 1000 பிபிஎம் நைட்ரேட். அதில் 10 மிலி எடுத்து, மொத்தம் 500 மிலி ஆகும்வரை அதே நீரை ஊற்றினால் 20 பிபிஎம். கிட் 10க்கும் 40க்கும் நடுவே தெளிவாக நின்றால் போதும். 5 காட்டினால் தூளைச் சந்தேகியுங்கள். கேஎச் எனப்படும் கார்பனேட் கடினத்தன்மையை அளக்கும் கிட்டுக்கு 0.30 கிராம் சமையல் சோடா, அதாவது பேக்கிங் சோடா, ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் 10 டிகிரி. ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி என்ற கிட்டில் பத்தாவது சொட்டை ஒட்டி நீலம் மஞ்சளாக வேண்டும். பதின்மூன்று, பதினான்கு சொட்டு கேட்டால் எடையையும் சொட்டு விழும் விதத்தையும் சரிபார்த்து இன்னொரு முறை செய்யுங்கள். மறுபடியும் அப்படியே வந்தால் வேறு புட்டி வாங்கிவிடுங்கள்.