டிரம்மைச் சுற்றினால் குப்பை ஏன் சூடாகிறது?

குமரி மாவட்டத்தில் வீட்டுக் குப்பையை உரமாக்க நினைப்பவருக்கு முதல் எதிரி மழைதான். ஆனி ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு என்று இரண்டு பருவமும் இங்கே பெய்யும். விளையின் (தோட்டத்தின்) மூலையில் வெட்டிய குழி அந்த மாதங்களில் சின்னக் குளம். தண்ணீர் நிறைந்தால் காற்று நுழையாது. காற்றில்லாமல் பிழைக்கும் பாக்டீரியாக்கள் தலையெடுத்து ஹைட்ரஜன் சல்பைடைக் கிளப்பும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான்.

மூடியுள்ள டிரம்மைப் படுக்கவைத்துச் சுற்றும் ஏற்பாடு இந்த ஊருக்குப் பொருந்துவது அதனால்தான். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் போதும். முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் என்றால் வேண்டாம். இரு முனைகளிலும் நடுவில் துளையிட்டு ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) செருகி, இரும்புக் கால்களில் ஏற்றவும். ஈரக்குப்பை 80 கிலோவைத் தொடலாம். மரக்கால் மழையில் உளுத்துவிடும். பக்கவாட்டில் ஒரு கதவு, காற்றுக்கும் வடிநீருக்கும் சிறு துளைகள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் உள்ளிருப்பது ஒரே கட்டியாகச் சுற்றுமே தவிர, புரளாது.

சூடு எங்கிருந்து வருகிறது? நுண்ணுயிர்கள் குப்பையிலுள்ள கார்பனை ஆக்ஸிஜனோடு சேர்த்துச் செரிக்கின்றன. உடலுக்குப் போக மிஞ்சிய ஆற்றல்தான் வெப்பம். 40 டிகிரியைத் தாண்டியதும் சூடு விரும்பும் நுண்ணுயிர்கள் பொறுப்பேற்கும், 55, 60 வரை கொண்டுபோகும். டிரம்மைச் சுற்றுவது அவற்றுக்கு மூச்சுக் கொடுப்பது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சூடும் வெளியேறும். ஆர்வக்கோளாறில் நான் தினமும் சுற்றினேன். சூடு ஏறவே இல்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை போதும்.

ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். மரச்சீனி (மரவள்ளி) தோல், சக்கை (பலா) மடல், சாளை (மத்தி மீன்) தலை எல்லாம் ஈரம்; மீனில் நைட்ரஜன் மிக அதிகம், காரமான அம்மோனியா வாடை அதிலிருந்துதான். ஈடுகட்டக் காய்ந்த இலை வேண்டும், ஒரு வாளிக் கழிவுக்கு இரண்டு வாளி. சிக்கல் இதுதான்: ரப்பர் மரம் இலை உதிர்ப்பது தை மாசியில், தேவை மழைக்காலத்தில். உதிரும்போதே சாக்கில் கட்டி நனையாத இடத்தில் வைத்தவர் பிழைத்தார். இலை இல்லாமல் சுற்றினால், உள்ளே கொழுக்கட்டை கொழுக்கட்டையாக உருளும்.

முக்கால் டிரம் ஆகும்வரை காத்திராமல், மூன்றில் இரண்டில் போடுவதை நிறுத்திவிட்டு இரண்டு மாதம் விடுங்கள். பெருங்குவியலைப் போல இந்தச் சின்ன டிரம் சூட்டை நாள்கணக்கில் தக்கவைக்காது. அதனால் குப்பையிலுள்ள விதைகள் பல சாகாமல் தப்பும். என் மட்டி வாழையின் அடியில் உரம் போட்ட இடத்தில் இப்போது தக்காளி காய்க்கிறது.