சிறுநீரகம் பழுதாகும்போது மூளை ஏன் தடுமாறுகிறது?

சிறுநீரகத்தையும் தாக்கும் எலிக்காய்ச்சலோடு வோர்ட்டில் இருக்கும் ஐயா கிழமை மாறிச் சொல்கிறார், மகளைத் தங்கை என்று கூப்பிடுகிறார். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று வீட்டார் பயப்படுவார்கள். நேற்றிலிருந்து சலம் (சிறுநீர்) எவ்வளவு போனது என்பது அநேகமாக யாருக்கும் தெரியாது. களனி கங்கை பெருகி வடிந்த பிறகு கொழும்பில் அடிக்கடி காணும் நிலைமை இது.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான 'யூரியா கூடிவிட்டது' என்பது பாதி விளக்கம்தான். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சுண்டெலிகளின் இரு சிறுநீரகங்களுக்கும் போகும் இரத்தத்தை 60 நிமிடம் கவ்விகளால் அடைத்துத் திறந்துவிட்டார்கள். 24 மணித்தியாலத்துக்குள் மூளையில் நரம்புக் கலங்கள் சுருங்கியிருந்தன, அழற்சிக் கலங்கள் பெருகியிருந்தன. எவன்ஸ் புளூ என்ற சாயம் குருதியில் அல்புமினோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். சாதாரணமாக மூளைக்குள் நுழையாது. இந்த எலிகளில் அது மூளைத் திசுவுக்குள் கசிந்திருந்தது. அதாவது, குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பே இளகிவிட்டது. எலிகளின் நடமாட்டமும் வெகுவாகக் குறைந்தது. ஈரலுக்கு இரத்தத்தைத் தடைசெய்த எலிகளிலோ நரம்புக் கலங்கள் அப்படிச் சுருங்கவில்லை. எந்த உறுப்பு அடிபட்டாலும் மூளை ஒரேமாதிரி வாடும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதுவே சான்று.

நோயாளி எலியல்ல. அவருக்குக் கிருமித் தொற்று, வயது, நீரிழிவு, மருந்துகள் எல்லாம் சேர்ந்தே வரும். மருந்துகள்தான் வைத்தியர்களான எங்களுக்குப் பெரிய கவலை. செஃபிபிம் (கிருமிக்கொல்லி), மோர்பின் (வலிமருந்து), கபாபென்டின் (நரம்புவலி மருந்து) போன்றவை வெளியேற வழியில்லாமல் உடலில் தேங்கினால் குழப்பமும் வலிப்பும் வரலாம். அளவைக் குறைக்காமல் கொடுத்துக்கொண்டே போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. காய்ச்சலுக்குப் பாமசியில் டைக்குளோபெனாக் என்ற வலிமாத்திரை வாங்கிப் போடுவது சிறுநீரகத்துக்கு இன்னோர் அடி.

சலத்தை அளந்து எழுதுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மணித்தியாலத்தில் 180 மி.லீ.க்குக் குறைந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் இன்னொரு கழிவு) 48 மணித்தியாலத்தில் 0.3 மி.கி. (ஒரு டெசிலீற்றருக்கு) கூடினாலும் அதே கதைதான். அறிக்கையில் அது 'நோர்மல்' எல்லைக்குள் இருக்கிறதே என்று விட்டுவிடக்கூடாது. இரு கைகளையும் நீட்டி, மணிக்கட்டை மேலே மடித்து, விரல்களை விரித்து 30 விநாடி பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். கை இடைக்கிடை சட்டென்று தொய்ந்து நிமிர்ந்தால் மூளையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஈரல் நோயிலும் இது வரும்.

காமரங்கா (நட்சத்திரப்பழம்) பற்றியும் ஒரு வார்த்தை. 'உடம்புக்குக் குளிர்ச்சி' என்று ஜூஸ் அடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. அதிலுள்ள ஒக்சலேட்டு சிறுநீரகத்தையும் கரம்பொக்சின் என்ற நச்சு மூளையையும் தாக்கும். சிறுநீரகம் பழுதானவருக்குப் பழத்துக்குப் பிறகு விடாத விக்கல் வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

யூரியா மிகக் கூடியவருக்கு முதல் டயலிசிஸை (மெஷினால் இரத்தத்தைச் சுத்திகரிப்பதை) 2 மணித்தியாலத்தோடு நிறுத்தினால் 'மெஷின் பழுதா?' என்று வீட்டார் கேட்பார்கள். யூரியாவை ஒரேயடியாக இறக்கினால் மூளைக்குள் நீர் புகுந்து வீங்கலாம். அதனால்தான் மெஷினில் இரத்த ஓட்டத்தையும் மெதுவாக வைத்து, மறுநாள் மீண்டும் செய்கிறோம்.